வராதவர்களின் கணக்கு

சென்னை மருத்துவமனைகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்த கதையைக் கேட்டால், பலரும் கிரீம்ஸ் சாலையிலிருந்துதான் தொடங்குவார்கள். 1983-இல் அப்போலோ மருத்துவமனை திறந்தது. 2000 மார்ச் 24 அன்று, சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் இருக்கும் நோயாளியை நகரத்து நிபுணர் திரையில் பார்க்கும் தொலைமருத்துவ மையத்தை, இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கி வைத்தார். படம் பிடிக்கத் தோதான கதை. திரை இருக்கிறது, செயற்கைக்கோள் இருக்கிறது, கைதட்ட ஆட்களும் இருக்கிறார்கள்.

நான் இங்கே சொல்ல நினைப்பது படம் பிடிக்க எதுவும் இல்லாத இன்னொரு கதை. அது அடையாறில், 1981-இல், காகிதப் படிவங்களோடு தொடங்கியது. அதில் வருபவர்கள் பேனாவும் பையுமாக ஊரெல்லாம் அலைந்த பதிவாளர்கள். மருத்துவமனைகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் என்ன செய்யும், என்ன செய்யாது என்று புரிந்துகொள்ள, திரைகளின் கதையைவிட இந்தக் கதைதான் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டின் பிறப்பு பலருக்கும் தெரிந்ததே. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் பல ஆண்டுகள் போராடி நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். மறு வருடம், மயிலாப்பூரில் பிறந்த இளம் மருத்துவர் வி. சாந்தா சேர்ந்தார். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டு அவர் போகவில்லை.

ஒரு மருத்துவமனை தன் வாசலுக்கு வந்தவர்களைத்தான் அறியும். இருபது, முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்த மருத்துவருக்கு ஒரு மனக்கணக்கு உருவாகியிருக்கும்: "இந்த நோய் அதிகமா வருது, அது குறைஞ்சிருக்கு." ஆனால் அந்த மனக்கணக்கை நம்பி ஒரு ஊருக்குத் திட்டம் போட முடியாது. வந்தவர்கள் யார்? பஸ் பிடித்து வர முடிந்தவர்கள், காசு புரட்ட முடிந்தவர்கள், யாரோ சொல்லி அனுப்பியவர்கள். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் நோய் என்றே தெரியாமல் இறந்துபோன கிழவி அந்தக் கணக்கில் வரமாட்டாள். அதே சமயம், ஆந்திராவிலிருந்து வந்து சைதாப்பேட்டையில் அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்தவர் சென்னைவாசியாகிவிடுவார்.

இதற்கு மருந்துதான் மக்கள்தொகை சார்ந்த பதிவகம். குறிப்பிட்ட எல்லைக்குள் குடியிருக்கும் அத்தனை பேரிலும், ஒரு வருடத்தில் புதிதாக யாருக்கெல்லாம் புற்றுநோய் வந்தது என்று ஒருவர் விடாமல், ஒருவரை இரண்டு முறை எண்ணாமல், கணக்கெடுப்பது. டென்மார்க் 1942-இலேயே நாடு முழுவதற்கும் இதைத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் பம்பாய் 1960-களில் முன்னோடியாக இறங்கியது. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது பெங்களூரும் மெட்ராஸும் சேர்ந்தன. மெட்ராஸின் பதிவகம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் அமைந்தது. 1982 முதல் அதன் எண்கள் கிடைக்கின்றன.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. செய்வது எப்படி?

புற்றுநோயைக் கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அன்று இல்லை. ஆகவே தகவல் தானாக வராது. போய் எடுத்துவர வேண்டும். பதிவகத்தின் ஊழியர்கள் அரசு பொது மருத்துவமனைக்கும் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும் போனார்கள். தனியார் நர்சிங் ஹோம்களுக்கும், திசுப் பரிசோதனை செய்யும் ஆய்வகங்களுக்கும் போனார்கள். கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார்கள், முடிந்த இடங்களில் நோயாளியிடமே உட்கார்ந்து பேசினார்கள். பெயர், வயது, முகவரி, எத்தனை வருடமாக இந்த ஊரில் குடியிருப்பு. குறைந்தது ஒரு வருடமாவது எல்லைக்குள் வசித்தவரைத்தான் ஊர்க்காரராக எண்ணுவது விதி. அத்தை வீட்டு முகவரிப் பிரச்சினையைத் தீர்க்கத்தான் அந்தக் கேள்வி.

அடுத்தது இரட்டிப்பு. மயிலாப்பூரில் குடும்ப டாக்டரிடம் கட்டியைக் காட்டிய பெண், தி. நகரில் ஒரு ஆய்வகத்தில் திசுவைக் கொடுக்கிறாள், ராயப்பேட்டையில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறாள், கதிர்வீச்சுக்கு அடையாறு வருகிறாள். நான்கு இடம், நான்கு சீட்டு, ஒரே பெண். நான்கையும் ஒன்று சேர்க்காவிட்டால் ஊரில் நான்கு நோயாளிகள் இருப்பதாகிவிடும்.

இங்கேதான் தமிழ்ப் பெயர்கள் குறுக்கே வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. எஸ். லட்சுமி, ஆர். லக்ஷ்மி ஆவாள், ஆய்வகத்துக் குமாஸ்தா கையில் இலட்சுமி அம்மாள் ஆவாள், ஓ.பி. சீட்டில் வெறும் லட்சுமி. ஆங்கிலத்தில் எழுதினாலோ ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்பெல்லிங். வயதைக் கேட்டால் "அம்பது, அம்பத்தஞ்சு இருக்கும்." சரி, முகவரியை நம்பலாம் என்றால், இந்த ஊர் அதிலும் விளையாடும். மௌபரீஸ் ரோடு டி.டி.கே. சாலையானது. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலையானது. லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலையானது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகள் போயின. பிறகு பழைய எண், புதிய எண் என்று ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு இலக்கம். 1996-இல் ஊரின் பெயரே மாறியது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு லட்சுமியை அதே லட்சுமிதான் என்று நிச்சயப்படுத்த வேண்டும்.

டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு எண் உண்டு. இரண்டு பட்டியல்களை அந்த எண்ணால் கோத்தால் போதும். நம்மிடம் அப்படி எதுவும் இருக்கவில்லை. ஆகவே அங்கே எண் செய்த வேலையை இங்கே மனிதர்கள் செய்தார்கள்.

கம்ப்யூட்டர் இந்த இடத்தில்தான் வந்தது. படிவத்தில் உள்ளவை குறியீடுகளாகி உள்ளே போயின. புற்றுநோய் எந்த உறுப்பில், எந்தத் திசுவில் என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே குறியீடு இருக்கிறது. இன்றைய வழக்கில் மார்பகம் என்றால் சி-50, கர்ப்பப்பை வாய் என்றால் சி-53. மெட்ராஸ் குமாஸ்தா போட்ட குறியீட்டை பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையில் இருப்பவரும் படிக்க முடியும். இயந்திரம் இன்னொன்றும் செய்யும்: பொருந்தாததைத் துப்பும். ஆணுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று பதிந்தால் நிறுத்தும். நோய் கண்ட தேதிக்கு முன்னால் இறந்த தேதி இருந்தால் நிறுத்தும். ஒரே மாதிரிப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தரும். ஆனால் அடுக்கின பட்டியலில் இருக்கும் இரண்டு லட்சுமியும் ஒருத்திதானா என்று முடிவு சொல்ல ஒரு ஆள் வேண்டும். சில சமயம் அந்த ஆள் பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்டவும் வேண்டும்.

உலகத் தரவுத் தொகுப்பாகிய 'ஐந்து கண்டங்களில் புற்றுநோய்' நூலின் ஆறாவது தொகுதி 1992-இல் வெளிவந்தபோது, மெட்ராஸின் 1983–87 எண்கள் அதில் இடம்பெற்றன. அந்த நூலில் சும்மா இடம் தரமாட்டார்கள். தரவின் தரத்தைச் சோதித்த பிறகுதான் சேர்ப்பார்கள்.

இதுவரை சொன்னது நோய் வந்தவர்களின் கணக்கு. இனி இறந்தவர்களின் கணக்கு. மருத்துவமனையின் தரத்தைப் பற்றி உண்மையாகப் பேச வைப்பது அதுதான்.

மாநகராட்சியில் இறப்புப் பதிவேடு இருக்கிறது. அதிலிருந்து புற்றுநோயால் இறந்தவர்களை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் வீட்டில் இறந்தவருக்குக் காரணம் என்ன என்று கேட்டால் "மூச்சு நின்னுபோச்சு", "ஹார்ட் அட்டாக்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிடுவது நம் வழக்கம். புற்றுநோய் என்ற சொல்லை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு, வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே அடையாறு பதிவகம் காரணத்தை நம்புவதை விட்டுவிட்டு, எந்தக் காரணத்தால் இறந்தவராக இருந்தாலும் எல்லா இறப்புகளையும் தங்கள் நோயாளிகளின் பட்டியலோடு பெயர், வயது, முகவரி வைத்து ஒப்பிட்டது. அதிலும் கிடைக்காதவர்களுக்குப் பதில் அட்டை இணைத்த கடிதம். பதில் வராவிட்டால் வீட்டுக்கே போய் விசாரிப்பது. பிற்காலத்தில் தொலைபேசி.

இவ்வளவு அலைச்சல் எதற்கு? ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு நோயாளிகள். ஐந்து வருடம் கழித்து நாற்பது பேர் உயிரோடு பரிசோதனைக்கு வருகிறார்கள். முப்பது பேர் இறந்தது தெரியும். மீதி முப்பது பேரைப் பற்றித் தகவல் இல்லை. அவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், பிழைத்தவர்கள் 70 சதவீதம். அவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டால் எழுபதில் நாற்பது, அதாவது 57 சதவீதம். ஒவ்வொரு வீடாகத் தேடிப் போய், அந்த முப்பதில் இருபத்துநான்கு பேர் இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தால், பிழைத்தவர்கள் 46 சதவீதம்தான். மருத்துவமனை ஒன்று, மருந்து ஒன்று, நோயாளிகளும் அதே நூறு பேர். தேடினோமா இல்லையா என்பதை வைத்து எழுபது நாற்பத்தாறாகிறது.

கணக்கு கற்பனை என்றாலும் விஷயம் கற்பனையில்லை. ஆர். சுவாமிநாதன், ரமா, சாந்தா ஆகியோர் 2008-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய ஆய்வு இதைத்தான் சென்னைத் தரவுகளை வைத்துக் காட்டியது: நேரில் தேடிப்போகாமல் கிடைத்த பதிவுகளோடு நிறுத்திக்கொண்டால், பிழைப்பு விகிதம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். தகவல் இல்லாதவர்களில் இறந்தவர்கள் அதிகம் என்பதுதான் காரணம். தன் சிகிச்சையின் வெற்றி குறைவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, சரியான எண் வேண்டும் என்று ஒரு மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் எழுதியது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகப் படுகிறது.

இதன் பயன் ஆராய்ச்சிக் கட்டுரையோடு முடியவில்லை. 1980-களில் மெட்ராஸ் பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருந்தது. பிந்தைய ஆண்டுகளில் அது தொடர்ந்து இறங்கியது. மார்பகப் புற்றுநோய் ஏறி, முதலிடத்துக்கு வந்தது. மருத்துவமனைக் கட்டில்களை எண்ணி இதை உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஊரை எண்ணியதால் சொல்ல முடிந்தது. பரிசோதனை முகாமில் எதைத் தேடுவது, எந்தக் கருவியை வாங்குவது, யாருக்குப் பயிற்சி கொடுப்பது என்பதெல்லாம் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. 2012 முதல் மாநில அரசும் கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும் சேர்ந்து தமிழ்நாடு முழுவதற்கும் பதிவை விரித்தன.

இறப்புப் பதிவேட்டோடு பட்டியலை ஒப்பிடும் இந்தப் பழைய வேலையின் அருமை 2020-இல் ஊருக்கே தெரிந்தது. கொரோனாவின் முதல் அலை. மருத்துவமனைகளிலிருந்து மாநிலத்துக்குப் போன இறப்புக் கணக்கும் சென்னை மாநகராட்சியின் பதிவேடும் ஒத்துப்போகவில்லை என்று ஜூன் மாதம் செய்தி வந்தது. அரசு ஒரு குழு போட்டது. குழு பதிவேடுகளை ஒப்பிட்டது. மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் நிகழ்ந்து, கணக்கில் வராமல் விடுபட்ட 444 இறப்புகள் ஜூலை 22 அன்று சேர்க்கப்பட்டன. அப்போது இணையதளம் இருந்தது, செயலி இருந்தது, தினமும் மாலையில் வண்ண வண்ணப் புள்ளிவிவர அறிக்கை வந்தது. 444 பேர் அதிலெல்லாம் இல்லை. அவர்கள் இருந்தது பதிவேட்டில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கிடைத்தார்கள்.

இன்றைய மருத்துவமனை மென்பொருள்கள் பெரும்பாலும் எங்கிருந்து வளர்ந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். பில் போடும் கவுன்ட்டரிலிருந்து. அதில் தவறொன்றும் இல்லை, கணக்கு வேண்டும்தான். பிறகு ஆய்வக முடிவு, ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நன்மைகள் கண்ணெதிரே இருக்கின்றன. எக்ஸ்ரே படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏற வேண்டாம். மருத்துவரின் கையெழுத்தை மருந்துக்கடைப் பையன் ஜோசியம் பார்க்க வேண்டாம். ஆனால் அடிவேர் அடிவேர்தான்.

என் அம்மா பதினான்கு வருடங்களாக தி. நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சர்க்கரைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை போனபோது பழைய பரிசோதனை முடிவுகளைப் புது டாக்டர் கேட்டார். கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் பழைய சிஸ்டம்ல இருந்தது சார். புதுசுக்கு மாத்தறப்போ பில் மட்டும்தான் வந்திருக்கு." எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினோம் என்பது பைசா சுத்தமாக இருந்தது. எதற்குக் கட்டினோம் என்பது இல்லை. அம்மா கைப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, "நான் சொல்றேன், எழுதிக்கோம்மா" என்றார்.

அதற்குப் பின் இடுப்பு வலியால் அம்மா ஒரு வருடத்துக்கு மேல் பரிசோதனைக்குப் போகவில்லை. அந்த வருடம் முழுவதும் அந்த மருத்துவமனையிலிருந்து குறுஞ்செய்திகள் வந்தன. மாஸ்டர் ஹெல்த் செக்கப் தள்ளுபடி, மகளிர் தினச் சலுகை, பொங்கல் வாழ்த்து. "ஏன் வரவில்லை?" என்று ஒரு செய்தி வரவில்லை. அம்மா வரவில்லை என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். கடைசியாக வந்த தேதி அதில் இருக்கிறது, அடுத்து வர வேண்டிய தேதியும் இருக்கிறது. அந்த இரண்டையும் கழித்துப் பார்க்க யாரும் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அடையாறு பதிவகம் பதில் அட்டையை வைத்துக்கொண்டு செய்த காரியம் இது. இயந்திரத்துக்கு ஒரு நொடி வேலை.

செய்யச் சொன்னால் செய்யும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 2008-இல் தொடங்கிய 'பிக்மி' என்ற கர்ப்பிணிகள் பதிவு முறையில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு எண். யார் எந்த மாதப் பரிசோதனைக்கு வர வேண்டும், யாருக்கு என்று பிரசவம் என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும். வராதவரின் வீட்டுக்கு அவர் போவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. குறைகள் இருக்கலாம்; செவிலியரைக் கேட்டால் நோட்டிலும் எழுதி, கம்ப்யூட்டரிலும் ஏற்றும் இரட்டை வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். ஆனாலும் இவற்றின் உள்ளே இருக்கும் எண்ணம், வந்தவரை மட்டும் பார்த்தால் போதாது என்பது. நகரத்துத் தனியார் மருத்துவமனையிடம் நான் தேடுவதும் அதைத்தான்.

தேடிப் போவதில் ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நோயை வெளியே சொல்ல விரும்பாதவரின் தெருவில் போய் அவர் பெயரைச் சொல்லி விசாரிப்பது சின்ன விஷயமல்ல. பதிவாளர் ஒருவர் என்றால் அவர் நாவடக்கம் போதும். இன்று நாடு முழுவதற்கும் பதினான்கு இலக்க சுகாதார எண் வந்துவிட்டது; 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் அறிவிக்கப்பட்டது. டென்மார்க்கிடம் 1968-இல் இருந்தது நம் கைக்கு வருகிறது. நான்கு சீட்டு லட்சுமிகளை ஒருத்தியாக்க இனி பஸ் ஏற வேண்டியிராது. ஆனால் அந்த எண்ணைக் கொண்டு அவளைத் தேடப்போவது செவிலியரா, காப்பீட்டு நிறுவனமா, தள்ளுபடி விற்பவரா என்பதை எண் தீர்மானிக்காது. அதற்குச் சட்டம் வேண்டும், அதைவிட, நோயாளி இழப்பு தன் இழப்பு என்று நினைக்கும் ஒரு நிர்வாகம் வேண்டும்.

மருத்துவமனைகள் இப்போது தங்கள் டிஜிட்டல் வசதிகளைப் பெருமையாக விளம்பரம் செய்கின்றன. காகிதமே இல்லை, வரிசையே இல்லை, எல்லாம் கைபேசியில். நல்லதுதான். அடுத்த முறை அப்படியொரு வரவேற்பறையில் உட்கார நேர்ந்தால் இரண்டு கேள்வி கேட்கலாம் என்றிருக்கிறேன்: போன மாதம் வர வேண்டிய நோயாளிகளில் எத்தனை பேர் வரவில்லை? அந்தப் பட்டியலைக் காலையில் வந்ததும் எடுத்துப் பார்ப்பது இங்கே யாருடைய வேலை? இரண்டாவது கேள்விக்கு ஒரு ஆளின் பெயரைச் சொன்னார்கள் என்றால், அங்கே அம்மாவைத் தைரியமாகச் சேர்க்கலாம்.